மீன்தொட்டி உட்கார்ந்த இருக்கை

என் அக்காவின் கணவர் காப்பீட்டு முகவர். அடுத்தவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, விபத்தில் செத்தவர்களின் கதையைச் சொல்லி, கண் கலங்க வைத்துக் கையெழுத்து வாங்குவது அவர் தொழில். அந்தக் கதைகளில் சாகிறவர்கள் எல்லாம் அடுத்தவர்கள்தான்.

காரில் குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயம் என்று சட்டம் வந்ததும் முதல் ஆளாக வாங்கினார். வீட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் கார்வரை கூட்டிப்போய்க் காட்டினார். பாலிதீன் உறையை மட்டும் பிரிக்கவில்லை, அழுக்காகிவிடுமாம். ஒன்றரை வயதுக் குழந்தை அதில் வழுக்கியது, வியர்த்தது, அழுதது. "பெத்தவ மடிய விடவா ஒரு பாதுகாப்பு?" என்று, முன்னால் உட்காரும் அக்காவின் மடிக்கு மாற்றிவிட்டார். போலீஸ் நிற்கும் சந்திப்பு வந்தால் மட்டும் குழந்தை பின்னால் என்னிடம் கைமாறும். நான் பட்டைகளை மாட்டுவேன். சந்திப்பு தாண்டியதும் மறுபடி மடி. உறையைப் பிரிக்கச் சொல்லி அக்கா எத்தனையோ முறை கேட்டாள். உனக்கு ஒன்றும் தெரியாது என்பார். அவளிடமும் லைசென்ஸ் இருந்தது, சாவிதான் அவரிடம்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்களையும் கூட்டிப்போய் மீன்தொட்டி வாங்கினார். கண்ணாடித் தொட்டியை அந்த இருக்கையில் வைத்தார். வழுக்கியது. மாதக்கணக்கில் பிரிக்காத உறையைக் கடை வாசலிலேயே கிழித்து எறிந்தார். பட்டைகளை ஒவ்வொன்றாக மாட்டி, இழுத்துப் பார்த்து, இடுக்கில் குழந்தையின் போர்வையையும் திணித்தார். எல்லாம் தெரிந்துதான் வைத்திருந்திருக்கிறார்.

பாதி வழியில் ஒரு ஸ்கூட்டர் குறுக்கே வந்தது. பிரேக் அடித்தார். அக்காவை அவளுடைய பெல்ட் பிடித்துக்கொண்டது. குழந்தை அவள் கையிலிருந்து நழுவி, முன்னால் போய் மோதியது. உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. தொட்டி அசையவே இல்லை.

நம் மகாராஜா பின்னால் திரும்பி என்னைக் கேட்டார்: "தொட்டிக்கு ஒண்ணும் ஆகலையே?"

அக்கா குழந்தையோடு இறங்கினாள். ரத்தத்தைத் துடைத்து, வாய்க்குள் விரல் விட்டுப் பற்களைத் தொட்டுப் பார்த்தாள். பின்கதவைத் திறந்து தொட்டியை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, குழந்தையை உட்காரவைத்துப் பட்டைகளை மாட்டினாள். பிறகு அவர் பக்கத்துக் கதவருகே வந்து நின்றாள்.

"அந்தப் பக்கம் உக்காருங்க. டாக்டர்கிட்ட நான் ஓட்டிட்டுப் போறேன். தொட்டிய மடியில வச்சுக்குங்க."

"மடியிலயா? உடைஞ்சிடும்டி."

அக்கா சாவிக்குக் கையை நீட்டினாள்.

வழியெல்லாம் தொட்டியை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் "மெதுவா, மெதுவா" என்று கெஞ்சிக்கொண்டே வந்தார். டாக்டர் வாசலில் நாங்கள் குழந்தையோடு இறங்கினோம். அவர் இறங்கவில்லை. மடியில் தொட்டி இருந்தது.