இரண்டாயிரமாம் நம்பர் காம்பரா

லோஜனுக்குத் தன் மென்பொருள்மீது இருந்த பெருமையை லொறியில் ஏற்றினால் லொறி றொசல்ல மேடு ஏறாது. அதை எழுதப் பயன்படுத்திய மொழியும் அவனைப் போலத்தான். யாரும் கேட்காமலேயே எல்லாம் தெரியும் அதற்கு. எழுத்தாகக் கொடுத்ததைக்கூட, பார்வைக்கு எண் மாதிரி இருந்தால், தானாகவே எண்ணாக மாற்றிவிடும். "இது ஒருநாள் காலை வாரிடும் சேர்" என்று இரண்டு தடவை சொன்னேன். ஹட்டன் ஒஃபீஸில் அவன் முதலாளி, நான் சம்பளக்காரி. சிரித்தான்.

மண்சரிவில் லயத்து வரிசை வீடுகளைப் பறிகொடுத்தவர்களுக்குப் புதுவீட்டுச் சாவி கொடுக்கும் நாளில் எங்களையும் தோட்டத்துக்கு அழைத்திருந்தார்கள். லயத்தில் அவரவர் குடியிருந்த அறையின், அதாவது பழைய காம்பராவின், நம்பர் தோட்டத்துப் பதிவோடு பொருந்தினால்தான் எங்கள் மென்பொருளின் திரையில் பெயர் வரும். பெயர் வந்தால்தான் அதிகாரி ஜீவராஜ் சாவியைத் தொடுவார்.

அழகம்மாவின் பெயர் வரவில்லை. இரண்டாம் லயம், E வரிசை, மூன்றாம் காம்பரா: 2E3. அந்த வரிசையில் கடைசிவரை குடியிருந்தது அவர் குடும்பம் மட்டும்தான். நம்முடைய மேதாவி மொழிக்கோ எண்களுக்கு நடுவே E வந்தால் அது பூச்சியக் கணக்கு; 2E3 என்றால் இரண்டுக்குப் பின்னால் மூன்று பூச்சியம், இரண்டாயிரம்.

"இரண்டாயிரமாம் நம்பர் காம்பரா இந்தத் தோட்டத்துலயே இல்லம்மா. இல்லாத வீட்டுக்கு எப்படிச் சாவி குடுக்கிறது?" என்றார் ஜீவராஜ்.

மூன்று மாதமாகப் பாடசாலை மண்டபத்தில் பிள்ளைகளோடு படுத்துக் கிடந்தவர் அழகம்மா. மண்ணிலிருந்து தோண்டியெடுத்த கதவுப் பலகையைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். பிரித்துக் காட்டினார். வெள்ளைப் பெயின்டில் 2E3.

ஜீவராஜ் பலகையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், திரையையே நம்பினார். "பலகையில யாரு வேணும்னாலும் எழுதலாங்க."

"சிஸ்டம் பொய் சொல்லாது" என்றான் லோஜன், கையைக் கட்டிக்கொண்டு.

எனக்குக் காறித் துப்பலாம் போல வந்தது. அவனைக் கேட்காமலேயே மடிக்கணினியை என் பக்கம் இழுத்தேன். காம்பரா நம்பரை எழுத்தாகவே வைத்துக்கொள், உன் புத்தியைக் காட்டாதே என்று ஒரே ஒரு வரி. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பெயர் வந்துவிட்டது. லோஜன் அவசரமாகப் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான். மணியே அடித்திருக்கவில்லை.

ஜீவராஜ் முகமெல்லாம் சிரிப்பாகச் சாவியை நீட்டினார். "இப்ப வந்துட்டீங்கம்மா!"

"காலையில ஏழு மணியிலேர்ந்து ஒங்க முன்னாலதாங்க நிக்கிறேன்" என்றார் அழகம்மா.