கடைசி வரிசைக்கு ஆள் இல்லை

கார் கம்பெனிக்குள் அந்தக் குடும்பம் நுழைந்தபோது அத்தை கடைசியாக வந்தாள். கையில் நாய்ச் சங்கிலி. நாய்க்குப் பெயர் குண்டன். டிக்கியில் அதற்கு இடம் பத்துமா என்று ஏற்றிப் பார்க்க வேண்டும், புது வண்டியில் அத்தை பிடிக்காவிட்டால் அது ஏறாது. அதனால்தான் அத்தையும் வந்தாள். இல்லாவிட்டால் யார் கூப்பிடப் போகிறார்கள்?

தம்பி வீட்டில்தான் அத்தைக்கு வாசம். மூன்று பிள்ளைகளுக்கும் பல் முளைத்தது, நடை பழகியது எல்லாம் அவள் கையில்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் காரில் கிளம்பினால் அவள் வீட்டுக்குக் காவல். இது அவளே தேடிக்கொண்ட வினை. குண்டன் குட்டியாக வந்த புதிதில், அதுவும் வந்தால்தான் ஆயிற்று என்று பெரியவள் தரையில் புரண்டு அழுதாள். பழைய காரில் இடமில்லை. "எனக்குக் கார்ல போனா வாந்தி வரும்பா. நீங்க நாயைக் கூட்டிட்டுப் போங்க" என்று அத்தை வாயை விட்டாள். யாராவது ஒருத்தர் "பரவாயில்ல, வாங்க" என்பார்கள் என்று ஒரு நப்பாசை. ஒருத்தரும் சொல்லவில்லை. ஆறு வருஷமாக அந்தப் பொய் வீட்டில் ஓர் ஆளாகவே குடியிருக்கிறது.

இப்போது பழைய கார் போய்விட்டது. மூன்று வரிசை வைத்த காரை வாங்கினால் கடைசி வரிசை ஜன்னலோரம் தனக்குத்தான் என்று ஒரு மாதமாக மனக்கோட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை பேர் சார்?" என்றான் விற்பனைக்காரன்.

"நாங்க ரெண்டு பேர், பசங்க மூணு, அப்புறம் நாய்" என்றான் தம்பி.

"அம்மா?" என்று விற்பனைக்காரன் அத்தையைக் காட்டினான்.

"அண்ணிக்குக் கார் ஒத்துக்காது" என்றாள் தம்பி மனைவி. "அஞ்சு சீட்டே காட்டுங்க. டிக்கி பெருசா இருக்கணும்."

"ஏழு சீட்டுன்னா பின்னாடி ஒண்ணை மடிச்சிடலாம் மேடம். நாயும் வரலாம், அவங்களும் வரலாம்."

"கடைசி வரிசைக்கு ஆளே இல்லையே. எதுக்கு அது?"

அத்தை சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். இப்போது விட்டால் இந்தக் காரின் ஆயுசு முழுக்கக் காவல்தான்.

"எனக்கு வாந்தி எல்லாம் வராது" என்றாள். "அன்னைக்கு இடம் பத்தலன்னு சும்மா சொன்னேன்."

தம்பி மனைவி நிதானமாகத் திரும்பினாள்.

"அப்போ சின்னவளுக்கு வலிப்பு வந்த மத்தியானம்? வீட்ல நீங்களும் நானும்தான். கூட வந்து பிள்ளையைப் பிடிச்சுக்கோங்கன்னு கெஞ்சினேன். கார்ல ஏறினா வாந்தி வரும்னு சொன்னீங்களே."

அன்று குழந்தையின் கண் மேலே செருகியதைப் பார்த்ததும் அத்தையால் கிட்டே போக முடியவில்லை. வாயில் பழகிய பொய் முன்னால் வந்து நின்றது, அதன் பின்னால் ஒளிந்துகொண்டாள். அதை எந்த முகத்தோடு சொல்வது?

"பயந்துட்டேம்மா."

"ஒரு கையில ஸ்டியரிங், ஒரு கையில பிள்ளை. எனக்கும் பயமாத்தான் இருந்தது." தம்பி மனைவியின் குரல் உயரவே இல்லை. "சரி, வராதுன்னா நல்லதுதான். ஏறுங்க, இந்த அஞ்சு சீட்டை ஓட்டிப் பார்க்கலாம். குண்டனைப் பிடிக்க ஆள் வேணும். பின்னாடி ஏறுங்க."

பின்னாடி என்றால் சீட்டு இல்லை, டிக்கி. அத்தை தம்பியைப் பார்த்தாள்.

"கொஞ்ச தூரம்தானே அக்கா" என்றான் அவன்.

முட்டியை மடக்கி ஏறினாள். குண்டனும் ஏறி அவள் மடியில் தலை வைத்தது. விற்பனைக்காரன் கூச்சத்தோடு கதவை இறக்கிவிட்டு முன்னால் போய், ஓட்டப்போகும் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். நடுவில் தாயும் பிள்ளைகளும் நெருக்கியடித்தார்கள். பெரியவள் மட்டும் சீட்டின் மேல் முகவாயை வைத்து, பின்பக்கம் பார்த்தபடி வந்தாள்.

இரண்டு வளைவுதான். பழைய காரில் சீட்டில் வந்த நாய்க்கு அடைத்த டிக்கி புதிது. குண்டனின் வயிறு குலுங்கியது, காலையில் தின்றது அவ்வளவும் அத்தையின் மடியில் கொட்டியது. நாற்றம் முன்சீட்டு வரை போனது. தம்பி ஓரமாக நிறுத்தினான்.

"பார்த்தீங்களா" என்றாள் தம்பி மனைவி.

"நான் இல்லம்மா, குண்டன். பெரியவளைக் கேளு, அவ பார்த்துக்கிட்டே வந்தா."

எல்லோரும் பெரியவளைப் பார்த்தார்கள். அவள் குண்டனைப் பார்த்தாள். கார் ஒத்துக்காத நாயை ஞாயிற்றுக்கிழமை யார் கூட்டிப்போவார்கள்? பத்து வயதுக்கு அந்தக் கணக்கு கஷ்டமில்லை. அத்தை மடியில் வளர்ந்த பிள்ளை, குண்டனைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அத்தைதான்" என்றாள்.

இனி அத்தை எதை மறுப்பது? ஒரு பொய்யைச் சொல்லி அத்தையின் இடத்தை நாய்க்குக் கொடுக்கலாம் என்று அந்தக் குழந்தைக்குக் கற்றுக்கொடுத்தவளே அவள்தானே.

"அஞ்சு சீட்டே போதும்" என்றான் தம்பி விற்பனைக்காரனிடம். "இந்த வண்டியே எடுத்துக்கறோம்."

காற்று வாங்க மற்ற எல்லோரும் இறங்கினார்கள். அத்தை கைக்குட்டையால் முதலில் குண்டனின் வாயைத் துடைத்தாள், பிறகு தன் மடியை. வெளியே காரின் நிறத்தைப் பற்றிப் பேச்சு போய்க்கொண்டிருந்தது. டிக்கியை உள்ளேயிருந்து திறக்க முடியாது. யாராவது வந்து திறக்கட்டும் என்று நாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.