சிவப்புக் காருக்கும் போனஸ்

"ரெண்டு காரையும் வெளிய எடுத்தாதாம்மா என் வண்டி உள்ள வரும்," என்று மூன்றாவது முறையாகச் சொன்னார் அமரர் ஊர்தி ஓட்டுநர்.

மகள் தலையாட்டினாள். அவள் கையில் மருத்துவமனையில் கொடுத்த பிளாஸ்டிக் பை இருந்தது. அதில் அப்பாவின் சட்டை, மூக்குக்கண்ணாடி, ஒரு கார் சாவி. நேற்றிலிருந்து அந்தப் பையை அவள் கீழே வைக்கவில்லை.

வெள்ளைக் காரைத் தம்பி ஏற்கெனவே தெருவுக்குக் கொண்டுபோய்விட்டான். சர்வீஸுக்குப் போயிருந்த அது இன்று காலைதான் பளபளவென்று வந்து சேர்ந்திருந்தது, யாரோ அதற்காகக் காத்திருப்பதைப் போல. மிச்சமிருந்தது உறை போட்டு மூடிய சிவப்புக் கார்.

அப்பா பேருந்துப் பணிமனையில் மேற்பார்வையாளராக இருந்தவர். ஓட்டுநர்கள் இடித்துவிட்டு வந்த பேருந்துகளைப் பார்த்துத் திட்டியே முப்பது வருஷம் சம்பளம் வாங்கினார். சொந்த வெள்ளைக் காரில் ஒரு கீறல் கிடையாது. பதினெட்டு வருஷமாக இன்சூரன்ஸ் கம்பெனியிடம் ஒரு க்ளெய்ம் கேட்டதில்லை. அப்படிக் கேட்காதவர்களுக்கு வருஷா வருஷம் பிரீமியத்தில் தள்ளுபடி உண்டு. நோ க்ளெய்ம் போனஸ். வீட்டுக்கு வருகிறவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் அப்பா அதைச் சொல்லிவிடுவார். பெற்ற பிள்ளைகளைப் பற்றி அவ்வளவு பெருமையாக அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

சிவப்புக் கார் ஆறு வருஷத்துக்கு முன் அவளுக்காக வாங்கியது, அப்பாவின் பெயரில். பக்கத்து ஊரில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் பரிசோதனைக்கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. பஸ் போகாத இடம். நான்காவது நாள் பின்னால் எடுக்கும்போது கேட் தூணில் இடித்துவிட்டாள். இடப்பக்கப் பின்கதவு உள்வாங்கியது. அவ்வளவுதான் விபத்து.

அப்பா பனியனோடு வந்து குனிந்து, பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"ரெண்டு காரும் என் பேர்ல இருக்கு. நீ எதுல இடிச்சாலும் போறது என் போனஸ்தான். பன்னண்டு வருஷத்த நாலே நாள்ல அழிக்கப் பாத்தியே!"

சாவியை வாங்கிக்கொண்டார். வேலை கைநழுவிப் போயிற்று. இப்போது அவள் தெருமுனை மருந்துக்கடையில் நிற்கிறாள், வீட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில். ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பா உறையை எடுத்து, காரை நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் உறுமவிட்டு, மறுபடி மூடிவைப்பார். பேட்டரி செத்துவிடக் கூடாதாம்.

நேற்றும் ஞாயிறுதான். காரை அணைத்து உறையைப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சரிந்தார். அம்மா ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள்.

"அப்பா, சாவி குடுங்க. நானே கூட்டிட்டுப் போயிடறேன்."

அவர் சட்டைப்பையின் மேல் கையை வைத்துக்கொண்டார். "நீ ஓட்டாத. ஆம்புலன்ஸ் வரட்டும்."

வந்தது, நாற்பது நிமிடம் கழித்து. அந்த நாற்பது நிமிடமும் அவள் அவர் முதுகைத் தடவிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். கடைசிப் பத்து நிமிடம் சட்டைப்பை மேலிருந்த அவர் கையில் பலமே இல்லை. சாவியை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. முப்பத்தாறு வயதில், அப்பா திட்டுவாரே என்று எடுக்கவில்லை. அந்த வெட்கம் அவளுக்கு அழுகையைக்கூட வரவிடவில்லை.

"சிவப்புக் கார் சாவி எங்கக்கா? நான் எடுத்துடறேன்," என்று தம்பி உள்ளே வந்தான். அவனுக்குப் பின்னால் பாலிசி மாமா வந்தார். அப்பாவின் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். ஒட்டு உறவு எதுவும் இல்லை, வந்து வந்து மாமாவாகிப் போனவர். ஐஸ் பெட்டிக்கு முன் கைகூப்பி நின்றுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். தம்பிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"மாமா, தப்பா நினைக்காதீங்க. அப்பாவோட போனஸ் எனக்கு வருமா?"

அப்பாவை இன்னும் தூக்கவில்லை. பிள்ளை போனஸைத் தூக்கப் பார்க்கிறான் என்று நினைத்தாள் அவள்.

"அது காரோட போறதில்ல தம்பி, ஆளோட போறது," என்றார் மாமா தாழ்ந்த குரலில். "ஆள் போயிட்டா, அந்தக் காரை எடுத்துக்கற வாரிசு பேருக்கு மாத்தலாம். ஆனா ஒரு போனஸ் ஒரு காருக்குத்தான். வெள்ளைக்கு ஒண்ணு, சிவப்புக்கு ஒண்ணு."

"சிவப்புக்குமா?"

"வாங்கினப்ப பூஜ்யத்துல ஆரம்பிச்சது. ஆறு வருஷமா க்ளெய்மே இல்லியா, இப்ப அதுக்கும் முழு போனஸ் ஏறிடுச்சு."

வாசலைத் தாண்டாத வண்டிக்கு நல்ல ஓட்டுநர் என்று பரிசு.

அவள் பையை இறுக்கிப் பிடித்தாள். "மாமா, அன்னிக்கு நான் இடிச்சப்ப க்ளெய்ம் போட்டிருந்தா, வெள்ளைக் காரோட போனஸ் போயிருக்குமா?"

"அது எப்படிம்மா போகும்? ரெண்டும் தனித்தனி பாலிசி. சிவப்பு அப்பதான் வந்த வண்டி, போறதுக்கு அதுல போனஸே இல்லியே. இத அப்பாகிட்ட அன்னிக்கே சொன்னேனே. வருஷா வருஷம் புதுப்பிக்க வரப்பல்லாம் சொல்வேன், பொண்ணு ஓட்டட்டும் சார், உங்க போனஸுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு."

"அதுக்கு என்ன சொல்வாரு?"

மாமாவுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள்.

"டீ குடிங்கன்னுவாரு," என்றார்.



"உனக்கும் தெரியுமாம்மா?"

அம்மா தலை நிமிரவில்லை. "வண்டி இருந்தா நீ அந்த வேலையில ஒட்டிக்கிட்டிருப்பே. அப்புறம் அங்கயே வீடு பாத்திருப்பே. நீ பக்கத்துலயே இருக்கணும்னு நினைச்சாரு."

"பக்கத்துலதான்மா இருந்தேன். நேத்து நாப்பது நிமிஷமும் பக்கத்துலதான் இருந்தேன்."

தம்பி சாவிக்குக் கையை நீட்டினான். அவள் பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு, பையை அவன் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனாள்.

உறையை உருவிக் கேட் ஓரமாகப் போட்டாள். இருக்கை அப்பாவின் நீளக் கால்களுக்காகப் பின்னால் தள்ளியிருந்தது. அதை முன்னால் இழுத்தாள். முதல் திருப்பிலேயே கார் கிளம்பியது.

ஊர்தி ஓட்டுநர் பின்னால் நின்று கையை ஆட்டினார். "வாங்க... வாங்க... இடம் எக்கச்சக்கமா இருக்கும்மா, பயப்படாம வாங்க."

தூண் ஒரு முழம் தள்ளி நகர்ந்து போயிற்று. தெருமுனையில் நிறுத்துவாள் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் நிறுத்தவில்லை. மருந்துக்கடையைத் தாண்டி, பெரிய சாலையில் ஏறினாள். ஒரு சிக்னலில் சிவப்பு விழுந்தது. பச்சை வரும்வரை ஒழுங்காக நின்றாள். ஒரு லாரிக்கு வழிவிட்டாள். பக்கத்து இருக்கையில் போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

மருத்துவமனையின் அவசரப் பிரிவு வாசலில் நிறுத்திவிட்டுக் காரின் கடிகாரத்தைப் பார்த்தாள். வீட்டிலிருந்து ஏழு நிமிடம்.

வாசலில் இருந்த ஊழியர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். உள்வாங்கியிருந்த பின்கதவு திறக்க மறுத்தது. காலை ஊன்றி இரண்டு கையாலும் இழுத்துத் திறந்து, குனிந்து உள்ளே பார்த்தார்.

"பேஷண்ட் எங்கம்மா?"