ஒட்டகம் படுத்துவிட்டது

கேட்காமலே காபி வந்தபோதே எனக்குச் சந்தேகம். என் வீட்டுக்காரர் தானாக அடுப்படிப் பக்கம் போனால் ஒன்று விருந்தாளி வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் வில்லங்கம் வந்திருக்க வேண்டும். வாசலில் புதுச் செருப்பு எதுவும் இல்லை.

"இன்னிக்கு மத்தியானம்தானே உன் பேச்சு?" என்றார், தெரியாதவர் மாதிரி.

இருவருக்கும் ஒரே ஆய்வகத்தில்தான் வேலை. கப்பலிலிருந்து கடலுக்குள் ஒலியை அனுப்புவார்கள். கடலடி மண்ணின் ஒவ்வோர் அடுக்கும் அதைத் திருப்பி அனுப்பும். திரும்பிவர ஆகும் நேரத்தை ஆழமாக மாற்றிப் படமாக்குவது அவர் வேலை. அந்தப் படத்தை வைத்து, கண்டத்தின் விளிம்பு எப்போது உயர்ந்தது, எப்போது தாழ்ந்தது என்று சொல்வது என் வேலை. ஓர் அடுக்கு நடுவில் திமில் மாதிரி புடைத்திருந்தது. ஒட்டகம் என்று பெயர் வைத்துக் கொஞ்சினோம். தாழ்ந்துகொண்டே போன விளிம்பு ஒரு தடவை மேலே எழும்பியிருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. வருஷக்கணக்காக அதைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன். இன்றைக்குத்தான் நாலு பேர் முன்னால் சொல்லப்போகிறேன்.

"ஒட்டகத்துக்கு மேல சுண்ணாம்புப் பாறை இருக்குல்ல, அதுல சத்தம் வேகமா போகும்," என்றார், கோப்பையைப் பார்த்தபடி. "சுத்தி இருக்கற மண்ணோட வேகத்தையே அதுக்கும் போட்டுட்டேன்."

"அதனால?"

"சத்தம் சீக்கிரம் திரும்பி வந்துச்சா, அடுக்கு மேல இருக்கற மாதிரி காட்டிடுச்சு. திருத்திப் பாத்தேன். திமிலே இல்லம்மா. தட்டையா கெடக்கு."

அவர் மடிக்கணினியைப் பிடுங்கிப் பார்த்தேன். ஒட்டகம் படுத்துவிட்டது. அப்புறம் நான் கத்தியதையெல்லாம் இங்கே எழுத முடியாது. அவர் கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவிக்கொண்டு நின்றார். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. இந்த மனிதருக்கு அது வராது. அதற்காகத்தான் இவரைக் கட்டிக்கொண்டேன் என்பது அந்தக் கோபத்திலும் நினைவுக்கு வந்து தொலைத்தது. போதாக்குறைக்கு, அந்தப் பாறையை அடையாளம் கண்டு படத்தில் கோடு போட்டவளே நான். அதில் ஒலி வேகமாகப் போகும் என்று எனக்கும் தெரியும். ஒட்டகத்தின் மேல் இருந்த ஆசையில், எந்த வேகத்தைப் போட்டார் என்று கேட்கத் தோன்றவில்லை.

மத்தியானம் இரண்டு படங்களையும் அடுத்தடுத்துக் காட்டினேன். இந்த விளிம்பு எழும்பவே இல்லை, தாழ்ந்தது மட்டும்தான் என்று சொல்லி முடித்தேன்.

முன்வரிசையில் இருந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்த வேகத்தைத் தப்பா போட்டது யாரும்மா?"

கடைசி வரிசையில் ஒரு கை, வகுப்பறைப் பையனுடையது மாதிரி, மெல்ல மேலே வந்தது. மேடையில் நின்ற நானும் என் கையைத் தூக்கினேன். அவர் அங்கிருந்தே வேண்டாம், வேண்டாம் என்று தலையாட்டினார். நான் இறக்கவில்லை.