மேலிருந்து ஐந்து

வெளிநாட்டுச் சாமான்கள் வருவது நின்றுபோன எழுபத்திரண்டாம் ஆண்டில், மீன்பிடிச் சங்கத்துப் படகுகளுக்கு போல்ட் செய்யும் வேலை உள்ளூர்ப் பட்டறைகள் இரண்டுக்குக் கிடைத்தது. எஞ்சினையும், தண்ணீருக்குள் சுழலும் விசிறியின் தண்டையும் சேர்த்துப் பூட்டுகிற போல்ட். கடலில் அது முறிந்தால் எஞ்சின் கத்திக்கொண்டிருக்கும், படகு நகராது. வாடைக் காற்றில் அப்படி நின்றவர்கள் திரும்பி வந்ததில்லை.

ஏறாவூர் ஹமீட் ஒரு பெட்டி கொண்டுவந்தார்; முஸ்லிம் ஆட்களை அழைக்கிற வழக்கப்படி ஊருக்கு அவர் ‘காக்கா’. பேர்னாட் ஒரு பெட்டி கொண்டுவந்தான். எப்படிச் சோதிப்பது என்று தீர்மானிக்க வேண்டியவன் ஸ்டோர் பொறுப்பாளன் டொமினிக். பேர்னாட் அவன் மனைவியின் தம்பி. டொமினிக் முன்பு நெல்லுக் கொள்வனவில் இருந்தவன். மூட்டையில் குத்தூசியை ஏற்றி, அதில் வரும் நாலு மணியைப் பார்த்து முழு மூட்டைக்கும் தீர்ப்புச் சொல்லிப் பழகிய கை.

"மேல இருந்து அஞ்சு போல்ட்டப் பாத்தாக் காணும்," என்றான்.

ஹமீட் சிரித்தார். "நெல்லு ஒரே வயல் வட்டையில விளையிற சாமான் தம்பி. இது ஒவ்வொண்டும் வேற வேற இரும்பு. எல்லாத்தையும் வைஸில இறுக்கி முறுக்கிப் பாருங்க. என்டதையும் பாருங்க."

டொமினிக்குக்குச் சுருக்கென்றது. எனக்கே பாடம் எடுக்கிறாரா இந்தக் காக்கா? ஹமீட்டின் பெட்டியிலிருந்த நூறு போல்ட்டையும் ஒன்றுவிடாமல் முறுக்கி, பார்த்ததற்கு அடையாளமாகத் தலையில் அரத்தால் கோடு போட்டான். ஒன்றும் முறியவில்லை, அதுவும் எரிச்சல்தான். பேர்னாட்டின் பெட்டியில் மேலே கிடந்த ஐந்தோடு நிறுத்திக்கொண்டான். மச்சினனின் பெட்டியைக் கிண்டினால் வீட்டில் சோறு கிடைக்குமா? அந்தப் பயத்துக்கு அவன் வைத்த பெயர் நம்பிக்கை.

மார்கழியில் மாங்கேணிக் கரைக்கு நேரே கடலில் அல்பேட்டின் படகு நின்றுபோனது. மூன்றாம் நாள் படகு மட்டும் கரையொதுங்கியது. முறிந்த போல்ட்டின் தலையை டொமினிக் எடுத்துப் பார்த்தான். அவன் அரத்தால் போட்ட கோடு இல்லை.

"காக்காட சாமான்தானே?" என்று கேட்டார் சங்கத் தலைவர் அருமைநாயகம். அல்பேட்டின் மனைவி றீற்றா வாசலில் நின்று டொமினிக்கின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓம்," என்றான், படுபாவி.

ஹமீட்டிடம் வாங்குவது நிறுத்தப்பட்டது. அவர் வந்து சண்டை போடவில்லை. "நூறையும் முறுக்கினது நீங்கதானே தம்பி?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஏறாவூர் பஸ்ஸில் ஏறிப் போனார்.

தை மாதம் பேர்னாட்டின் அடுத்த பெட்டி வந்தது. இம்முறை டொமினிக் கதவைச் சாத்திக்கொண்டு அடியிலிருந்து எடுத்து முறுக்கினான். இருபதை முறுக்கினான், இருபதும் முறிந்தன. துண்டுகளை அள்ளிக்கொண்டுபோய்த் தலைவரின் மேசையில் கொட்டினான்.

அருமைநாயகம் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "அப்ப மிச்சத்த முறுக்காத. நாலு படகு சும்மா கெடக்கு. வேற ஆரிட்ட வாங்குற? காக்காட சாமான் கூடாதெண்டு நீதானே சொன்னாய்?"

மறுநாள் டொமினிக் அந்தப் பெட்டியில் மிச்சமிருந்த போல்ட்டுகளைப் படகுக்காரர்களுக்குக் கொடுத்தான். அல்பேட்டின் இடத்துக்கு வந்திருந்தவன் றீற்றாவின் அண்ணன். கையில் வாங்கியதைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"இது பாத்த பெட்டிதானே?"

"ஓம், பாத்த பெட்டிதான்," என்றான் டொமினிக்.