துரை எழுதிய பெயர்

பணி ஓய்வுச் சான்றிதழைக் கையில் வாங்கியதும் என் இரண்டு கண்ணும் பிதுங்கி மேசைமேல் உருண்டன. நீரேற்று நிலையத்தில் நாற்பது வருஷம் நான் வால்வு திருகித் திறந்துவிட்ட தண்ணீரில் ஏழு கடலையும் இரண்டு தடவை நிரப்பலாம். அப்பேர்ப்பட்டவனுக்குச் சான்றிதழில் போட்டிருந்த பெயர், ‘திரு. என்னங்க’.

“இது யாரு சார்?” என்றேன் ஹெட் கிளார்க்கிடம்.

“நீங்கதான். நம்பர் நானூத்திப் பதினேழு.”

சம்பளம், லீவு எல்லாம் அந்த நம்பரிலேயே ஓடியதால் பெயரை ஒருவரும் பார்த்ததில்லை. அவர் பழைய பதிவேட்டைப் புரட்டினார். வெள்ளைக்காரத் துரையின் கோழிக்கிறுக்கல். அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்று, பம்பு இரைச்சலில் துரை ஏதோ கேட்டார். “என்னங்க?” என்றேன். மறுபடி கேட்டார். “என்னங்க?” மூன்றாம் தடவையும் அதே பதில் வந்ததும் துரைக்குப் பரம திருப்தி. எழுதிவிட்டார்.

“துரை கப்பலேறி முப்பத்தெட்டு வருஷமாச்சு சார்! திருத்துங்க.”

“அவர் போட்ட விதிப்படிதான் திருத்தணும். உங்களைச் சொந்தப் பேர் சொல்லிக் கூப்பிடற ஒரு ஆளைக் காட்டுங்க. இன்னிக்கு இந்தச் சான்றிதழ்ல முத்திரை விழுந்தா அப்புறம் மாத்த முடியாது.”

பூ, ஒரு ஆள்தானா! முப்பது வருஷம் என்னோடு டீ குடித்த ஃபிட்டரை இழுத்து நிறுத்தினேன். தலையைச் சொறிந்தான்.

“அண்ணே, உங்க பேரு ‘வால்வு’ இல்லையா?”

தண்ணீர்த் தொட்டியே உடைந்து என் தலையில் கொட்டியது. பிள்ளைகளுக்கு நான் அப்பா. தங்கைக்கு அண்ணன். பெயர் வைத்த அம்மாவே ‘சின்னவனே’ என்று கூப்பிட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். இனி நான் சாகும்வரை துரை காதில் விழுந்த ‘என்னங்க’தானா?

வழியனுப்பு விழாவுக்கு வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்த மனைவியிடம் ஓடினேன். விஷயத்தைச் சொல்ல மூச்சில்லை; கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன்.

“அம்மா, இவரை நீங்க எப்படிக் கூப்பிடுவீங்க?” என்றார் கிளார்க்.

அவள் மிரண்டுபோய் என் பக்கம் திரும்பினாள்.

“என்னங்க, இவர் என்ன கேக்கறார்?”

“போதும்மா!”

முத்திரை இடியாக இறங்கியது. மை என் சட்டைவரை தெறித்தது.

தெருவுக்கு வந்ததும் நடந்ததைச் சொல்லி, “நீ ஒருத்தியாவது ஒரு தடவை என் பேரைச் சொல்லேன்டி” என்று கெஞ்சினேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு நாலடி பின்தங்கினாள். தொண்டையைக் கனைத்து, என் சொந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லிக் கூப்பிட்டாள்.

யாரைக் கூப்பிடுகிறாள் என்று நான் தெரு முழுக்கத் தேடினேன்.