இருபது வினாடி போதாது

திரையில் பச்சைக் கோடு இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. ஏறக் கூடாது!

அடைப்புப் பசை இறுக வேண்டிய இருபது வினாடி முடிந்துவிட்டது. அக்கா நீல விளக்கை அணைத்தாள். சோதனைக்காக இடுக்கியில் நிறுத்தியிருந்த, யாரிடமோ பிடுங்கிய பல்லை, பதினாறு வருடமாகப் பல் அடைக்கும் கை கச்சிதமாக அடைத்திருந்தது.

தங்கை திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கருவி அவளுடையது. மூன்று வருட உழைப்பு. நீல ஒளி பட்டுப் பசை இறுக இறுக, அதை ஊடுருவும் வெளிச்சம் மாறும். பல்லுக்கு அடியிலுள்ள ஒளியிழை அதைப் பிடித்துக் கோடாக்கும். முழுக்க இறுகினால் ஏறுவது நின்று கோடு படுத்துவிடும். பக்கத்தில் நிற்கும் தலைமை டாக்டர் இன்று தலையாட்டினால் கருவி இந்தக் கல்லூரி மருத்துவமனைக்கு. இல்லையென்றால் பரணுக்கு.

அவர் அடைப்பின் மேல் ஊசியால் தட்டினார். டிக்! கல்.

"பல்லு ரெடி. உங்க மெஷின்தான் இன்னும் தூங்கி எழுந்திரிக்கல."

"மெஷின் சரிதான் சார்..." அடுத்த வாக்கியம் அக்கா தலையில் விழும். விழட்டும். "மேலதான் கல்லு. அடியில இன்னும் வேகல."

அக்கா சட்டென்று திரும்பினாள்.

"நான் அரைவேக்காடா அடைச்சிருக்கேன்ங்கற?"

"நான் சொல்லலக்கா. கோடு சொல்லுது."

"வாய்க்கு மட்டும் குறைச்சலே இல்ல."

அக்கா அறுக்கும் கருவியை எடுத்தாள். கீச்! பல் இரண்டானது. அடைப்பின் அடிப்பாகத்தில் ஊசியை அழுத்தினாள்.

மெழுகில் இறங்குவதுபோல் இறங்கியது.

அக்கா விளக்கின் முனையைத் திருப்பிப் பார்த்தாள். காய்ந்த பழைய பசை, பாதி வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு. கண்ணைக் கூசும் நீலத்தில் பாதி குறைந்தால் யாருக்குத் தெரியும்?

கட்டைவிரலால் சுரண்டிவிட்டு சும்மா இருந்திருக்கலாம். அவள் விளக்கைத் தலைமை டாக்டரின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"தப்பு என்னோடது சார். காலையில துடைக்கல. மேல தட்டிப் பார்த்தா நீங்களும் ஏமாறுவீங்க, நானும் ஏமாறுவேன். பிடிச்சது இவ. என் தங்கச்சி!"

கடைசி வார்த்தை வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

தலைமை டாக்டர் தானும் ஒருமுறை குத்திப் பார்த்தார். "நம்மகிட்ட எத்தனை சிகிச்சை நாற்காலி?"

"பன்னெண்டு சார்."

"பன்னெண்டுக்கும் ஒண்ணு ஒண்ணு செய்யச் சொல்லும்மா உங்க தங்கச்சிய. தினம் காலையில விளக்கை இதுல சோதிச்சிட்டுதான் வாயில வைக்கணும்."

அக்கா அதற்குள் வாசலுக்கே போய்விட்டாள். வரவேற்பில் இருந்த பெண்ணிடம் குரல் கொடுத்தாள்.

"காலையில நான் பல் அடைச்ச மூணு பேரையும் உடனே திரும்ப வரச் சொல்லு."

"ஏன்னு கேட்டா டாக்டர்?"

"டாக்டரோட தங்கச்சி டாக்டரைக் கையும் களவுமா பிடிச்சிட்டான்னு சொல்லு!"